வெட்டின ஈரல் வளர்ந்த கதை

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத் தீவகத்துச் சரவணையில் தீபாவளி என்றால் பங்கிறைச்சி. பத்துப் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு கிடாய் வாங்குவார்கள். தீபாவளியன்று விடியற்காலையில் பூவரசின் கீழ் வாழையிலை விரித்துக் கூறு போடுவார்கள். எலும்பு, தசை, கொழுப்பு என்று எல்லாம் எல்லாக் கூறிலும் விழவேண்டும். பெண்கள் கண் வைத்துப் பார்ப்பது ஈரலைத்தான். யாருடைய கூறில் ஈரல் குறைந்தாலும் அன்று கதைதான்.

குஞ்சியப்பு ஈரலை எடுத்து இலையில் வைப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. கருஞ்சிவப்பு நிறம், தண்ணீர் பட்ட கல்லைப்போல மேலே ஒரு மினுக்கம். அடிப்பக்கத்தில் பச்சையாய்ப் பித்தப்பை ஒட்டியிருக்கும். அது உடைந்தால் ஈரல் முழுக்கக் கசந்துவிடும் என்று அதை மட்டும் வேறு ஆளைத் தொட விடமாட்டார். இரண்டு விரலால் பிடித்து, மெல்லக் கீறி, அப்படியே எடுத்து வேலிக்கு அப்பால் எறிவார். பிறகு வெட்டு. அழுத்தவே தேவையில்லை, கத்தியின் பாரமே போதும். வெட்டின முகத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். அவை இரத்தக் குழாய்கள் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

அந்த வெட்டு முகம் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்பில் நினைவுக்கு வந்தது. சரவணையிலிருந்து சின்னம்மா எடுத்திருந்தா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவகமே பெயர்ந்தபோது அவவின் இரண்டு பிள்ளைகளும் ரொறன்ரோ போய்ச் சேர்ந்தவர்கள். பெரியவனுக்கு ஈரல் பழுதாகிவிட்டது. ஒரு சொட்டும் குடியாதவன். சீனி வருத்தமும் ஈரலில் படிந்த கொழுப்பும் சேர்ந்து செய்த வேலை. இளையவன் தன் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுக்கப் போகிறான்.

"மோனை, பல்லிவால் மாதிரி அது திரும்ப முளைக்குமாமே? அவன் எனக்குப் பொய் சொல்லி ஆறுதல்படுத்திறானோ, உண்மையைத்தான் சொல்லுறானோ? நீ படிச்சனி, எனக்கு விளங்கச் சொல்லு."

சின்னம்மாவுக்கு அன்று அரைமணி நேரம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில், பல்லிவால் மாதிரி இல்லை. பல்லிக்கு அறுந்த இடத்திலேயே புதுவால் வரும். ஈரலில் வெட்டியெடுத்த பக்கம் திரும்ப முளைப்பதே இல்லை. வலப்பக்கத்தை எடுத்தால் வலப்பக்கம் போனது போனதுதான். மிஞ்சிய இடப்பக்கம் பருத்து, பழைய ஈரல் முழுவதும் செய்த வேலையைத் தான் ஒன்றே செய்யும் அளவுக்கு வளர்ந்து, அங்கே நின்றுவிடும். கிளுவைக் கதியாலை வெட்டினால் வெட்டின இடத்தில் தளிர்க்கும். பனையின் வட்டை வெட்டினால் மரமே போய்விடும். ஈரல் இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது சாதி. வடிவம் திரும்பாது, நிறை திரும்பும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத்தான் வைத்தியத்துக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

கிரேக்கர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. மனிதருக்கு நெருப்பைக் கொடுத்த புரொமிதியசைத் தேவர்களின் தலைவன் பாறையில் கட்டிவைக்கிறான். ஒரு கழுகு பகலில் அவன் ஈரலைத் தின்னும், இரவில் அது வளரும், மறுநாள் கழுகு திரும்ப வரும். ஈரல் வளரும் என்று கிரேக்கருக்கு அன்றே தெரியும் என்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முடிவில்லாத வேதனையைச் சொல்ல வந்த கதை அது. திறந்த வயிற்றோடு ஒருவர் உயிர் தப்பி, அவருடைய ஈரல் வளர்ந்ததைப் பிறகு எவராவது பார்ப்பதற்கு அந்தக் காலத்தில் வழி ஏது?

வழி வெகுகாலம் வரவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் ஆசுபத்திரி நடத்தி, நம்முடைய பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழுக்கு வந்தது. அதைப் படித்த மாணவனுக்கு ஈரலின் இடமும் சோணைகளும் குழாய்களும் தமிழில் தெரிந்திருக்கும். ஆனால் ஈரலில் கட்டி கண்டால் அதைத் திட்டமிட்டு வெட்டியெடுக்கும் துணிவு அப்போது மானிப்பாயில் மட்டுமல்ல, இலண்டனிலும் பெர்லினிலும் இல்லை. காரணம் இரத்தம். வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதற்குள் நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் இரத்தம் பாய்கிறது. நூல் போட்டுக் கட்டப் போனால் நூல் ஈரலை அறுத்துக்கொண்டு வந்துவிடும். குஞ்சியப்புவின் கத்தி அவ்வளவு இலகுவாக இறங்கியதும் அந்த மென்மையால்தான்.

1888இல் பெர்லினில் கார்ள் லாங்கன்புஃ என்பவர் ஒரு பெண்ணின் இடச் சோணையில் ஒரு பகுதியைத் திட்டமிட்டு வெட்டியெடுத்தார். வயிற்றை மூடிய பிறகு இரத்தம் கசிந்து, திரும்பத் திறந்து குழாயைக் கட்டவேண்டியதாயிற்று. அந்தப் பெண் பிழைத்தார். அடுத்த இரண்டொரு வருடத்தில் எமில் பொன்ஃபிக் என்ற நோயியலாளர் முயல்களின் ஈரலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிஞ்சியது பெருப்பதைக் காட்டினார். மனிதரில் அப்படி நடக்கிறதா என்ற கேள்வி மட்டும் எஞ்சியிருந்தது.

அதற்கு விடை கிடைத்தது கிழக்கிலே, ஹொங்கொங்கில். ஜேம்ஸ் கான்ற்லி என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் அங்கே சீன மாணவர்களுக்கு வைத்தியம் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய மாணவர்களில் ஒருவர்தான் பின்னாளில் சீனக் குடியரசின் தந்தையான சன் யாட்-சென். ஒரு பிரேத பரிசோதனையில் கான்ற்லி விசித்திரமான ஈரல் ஒன்றைப் பார்க்கிறார். வலப்பக்கம் பழைய நோயால் சுருங்கி நாராகிக் கிடக்கிறது. இடப்பக்கமோ பெருத்து, இரண்டு பக்கத்துக்கும் உரிய பாரத்தைத் தான் ஏற்றிருக்கிறது. எந்தச் சத்திரசிகிச்சையாளரும் தொடாத உடம்பு அது. நோயே வெட்டி, உடம்பே ஈடுகட்டியிருக்கிறது.

பெருத்ததைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. சுருங்கின பகுதியும் பெருத்த பகுதியும் சந்திக்கிற எல்லை எங்கே என்று தேடினார். ஈரலின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரு மடிப்பு உண்டு. அதுவே வலம் இடம் பிரிக்கும் எல்லை என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. கான்ற்லி கண்ட எல்லை அங்கே இல்லை. பித்தப்பை ஒட்டியிருக்கும் பள்ளத்தில் தொடங்கி, பின்னால் முதுகந்தண்டோடு போகும் பெருநாளம் வரை, மேலே எந்த அடையாளமும் இல்லாத ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப்புறம் ஓர் ஈரல், அந்தப்புறம் இன்னோர் ஈரல். இரண்டுக்கும் இரத்தக் குழாயும் பித்தக் குழாயும் தனித்தனி. 1897இல் இதை எழுதினார். இன்றைக்கும் அதற்குக் கான்ற்லி கோடு என்றே பெயர். வளர்ந்த ஒருவருக்கு ஈரல் கொடுப்பவரின் வயிற்றில் கத்தி போவது அந்தக் கோட்டை ஒட்டித்தான். குஞ்சியப்பு அவ்வளவு பத்திரமாகப் பித்தப்பையை எடுத்த இடத்திலிருந்து அந்தக் கோடு தொடங்குகிறது என்று படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

நோயே வெட்டுகிற இந்தக் காட்சி யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்தில் ஈரல்கட்டி என்று சொல்வார்கள். காய்ச்சலும் வலப்பக்க விலாவின் கீழ் நோவுமாக ஆண்கள் வந்து படுப்பார்கள். ஊசி விட்டு இழுத்தால் சொக்லேட் நிறத்தில் தடித்த சீழ் வரும். வருகிறவர்களில் ஏறக்குறைய எல்லாரும் குடிக்கிறவர்கள், அதிலும் கள்ளுக் குடிக்கிறவர்கள். இது என்ன கிருமியால் வருகிறது என்பது வெகுநாள் உறுதியாகாமல் இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட ஆய்வாளர்கள் சீழை எடுத்துப் பரிசோதித்து, குடலில் சீதபேதி உண்டாக்கும் அமீபாதான் காரணம் என்று 2015இல் ஆதாரத்தோடு எழுதினார்கள். அசுத்தமான நீரோடும் உணவோடும் குடலுக்குள் போகும் அமீபா, குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு ஈரலுக்குப் போய் அங்கே ஈரலைக் கரைத்துப் பள்ளமாக்கிவிடும். பெரும்பாலும் வலப்பக்கத்தில்.

தோடம்பழம் அளவுக்கும் அதற்கு மேலும் ஓட்டை விழுந்த ஈரல்கள் அவை. மெற்றோனிடசோல் என்ற மருந்து கொடுத்து, பெரிய கட்டியானால் சீழையும் இழுத்து எடுத்துவிட்டால், ஆள் சில நாளில் எழும்பி நடப்பார். ஓட்டை உடனே மூடாது. மாதாமாதம் ஸ்கான் பண்ணிப் பார்த்தால் பள்ளம் சுருங்கிச் சுருங்கி, சுற்றியிருக்கும் நல்ல ஈரல் அந்த இடத்தை மெல்ல எடுத்துக்கொள்வது தெரியும். சிலருக்கு வருடம் ஒன்றாகும். தவறணைக்குப் போய்வந்த எத்தனையோ பேருடைய ஈரல் இப்படித் திரும்பக் கட்டப்பட்டிருக்கிறது. அவர்களில் பலர் அதை அறியமாட்டார்கள்.

ஆய்வுகூடத்தில் இதற்கு ஒரு நிலையான அளவுகோல் 1931இல்தான் வந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹிக்கின்ஸ், அண்டர்சன் என்ற இருவர் வெள்ளெலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தார்கள். எலியின் ஈரல் தனித்தனிச் சோணைகளாகத் தொங்கும், அடியில் நூலால் கட்டி வெட்டினால் இரத்தமே அதிகம் போகாது. ஒரு கிழமை பத்து நாளில் மிஞ்சிய சோணைகள் வளர்ந்து பழைய நிறைக்கு வந்துவிட்டன. இன்றைக்கும் உலகம் முழுவதும் ஈரல் ஆய்வு செய்கிறவர்கள் அதே வெட்டைத்தான் வெட்டுகிறார்கள்.

ஆனால் ஈரலுக்கு யார் சொல்வது, உன்னில் பாதி போய்விட்டது என்று? பொஸ்ரனில் நான்சி புக்கர் என்ற பெண்மணி இந்தக் கேள்வியோடு வாழ்நாளைக் கழித்தவர். இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை ஒன்றாக இணைத்துவிட்டு, ஒன்றின் ஈரலை மட்டும் வெட்டினார். கத்தியே படாத மற்ற எலியின் ஈரலிலும் கலங்கள் பிரியத் தொடங்கின. 1951இல் ஒரு முறை, 1967இல் இன்னும் தெளிவாக மறுமுறை. செய்தி இரத்தத்தின் வழியாகப் போகிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை. அந்தச் செய்தியில் முக்கியமான ஒரு புரதத்தை 1984 அளவில் யப்பானில் நக்கமுரா குழுவினர் பிரித்தெடுத்தார்கள். ஈரற் கல வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர்.

இனி, வெட்டு விழுந்த பிறகு உள்ளே நடப்பது என்ன? சின்னம்மாவுக்கு இதைச் சொல்ல எங்கள் ஊர் வயல்தான் கைகொடுத்தது. மூன்று வயலுக்குப் பாயவேண்டிய தண்ணீர் ஒரு வயலுக்கே பாய்ந்தால் என்ன ஆகும்? குடலிலிருந்து சாப்பாட்டுச் சத்தைச் சுமந்து ஈரலுக்கு வரும் பெரிய நாளத்தில், வெட்டுக்கு முன் வந்த அதே அளவு இரத்தம் வெட்டுக்குப் பின்னும் வந்துகொண்டுதான் இருக்கும். வாங்கிக்கொள்ளும் ஈரல் மட்டும் மூன்றில் ஒன்று. இரத்தம் நெருக்கி ஓடுகிறது. குழாய்களின் உட்சுவர் அந்த உரசலை உணர்கிறது. சில நிமிடங்களுக்குள் கலங்களைச் சுற்றியுள்ள வலையில் ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த வளர்ச்சிக் காரணி அவிழ்ந்து வெளியே வருகிறது. ஈரலுக்குள் காவல் நிற்கும் கலங்கள் வேறு சில செய்திகளை விடுகின்றன. மாதக்கணக்காகப் பிரியாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஈரற் கலம் விழிக்கிறது.

எலியில் 24 மணி நேரத்தில் மரபுப் பொருள் இரட்டிப்பது உச்சத்துக்கு வந்துவிடும். மனிதரில் சற்று மெதுவாக. புதிதாக எங்கிருந்தோ ஒரு முளை வருவதில்லை. இருக்கிற கலங்களே, பித்தம் சுரப்பது, சீனியைச் சேமிப்பது, நஞ்சை முறிப்பது என்று தங்கள் வேலையை விடாமலே பெருக்கின்றன, பிறகு பிரிகின்றன. மூன்றில் ஒன்று மூன்றில் மூன்றாக வேண்டுமானால் ஒவ்வொரு கலமும் சராசரி இரண்டு தடவைகூடப் பிரியத் தேவையில்லை. முதலில் ஈரற் கலங்கள் கும்பலாகக் கூடும். அதற்குப் பிறகுதான் பித்தக் குழாய்க் கலங்களும் இரத்தக் குழாய்க் கலங்களும் அவற்றுக்கிடையே புகுந்து, வாய்க்கால் வெட்டி, வரம்பு கட்டி, கும்பலை ஈரலாக்கும்.

எனக்குப் பெரிய அதிசயம் வளர்வது அல்ல, நிற்பது. புற்றும் வளர்கிறதுதான், அதற்கு நிற்கத் தெரியாது. ஈரல் உடம்புக்குப் போதுமான அளவு வந்ததும் நிறுத்தற் செய்தி ஓங்கி, கலங்கள் மறுபடி அமைதியாகின்றன. அளவை முடிவு செய்வது ஈரல் அல்ல, அது இருக்கும் உடம்பு. 1992இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் தோமஸ் ஸ்ரார்ஸ்ல் குழுவினர் ஒரு மனிதருக்கு பபூன் குரங்கின் ஈரலை வைத்தார்கள். அவர் 70 நாள்தான் வாழ்ந்தார். ஆனால் அந்தச் சின்ன ஈரல் புது உடம்புக்குள் போனதும் மனித உடம்பின் தேவைக்கு ஏற்ப வேகமாகப் பெருத்தது.

இந்த அறிவு கையில் வந்த பிறகு சத்திரசிகிச்சையின் போக்கே மாறியது. யப்பானில் மக்கூச்சி என்ற சத்திரசிகிச்சையாளர் 1980களில் ஒரு வழி செய்தார். புற்றுநோயுள்ள வலப்பக்கத்தை எடுக்கவேண்டும், ஆனால் இடப்பக்கம் மிகச் சிறிது. எடுத்தால் ஆள் தாங்கமாட்டார். அதனால் முதலில் வலப்பக்கத்துக்குப் போகும் நாளத்தை உள்ளேயே அடைத்துவிட்டு, சில கிழமை காத்திருந்தார். தண்ணீரெல்லாம் இடது வயலுக்குத் திரும்பியது. அது பெருத்த பிறகு வலதை எடுத்தார். வெட்டுவதற்கு முன்பே வளர வைக்கிற வழி இது.

அதற்கு அடுத்தபடிதான் சின்னம்மாவின் பிள்ளைகள் நின்ற படி. உயிரோடு இருப்பவரின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து இன்னொருவருக்கு வைப்பது. 1988இல் பிரேசிலில் ரையா என்பவர் முதலில் முயன்றார், குழந்தை பிழைக்கவில்லை. 1989 யூலையில் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனில் ரசல் ஸ்ரோங் ஒரு யப்பானியத் தாயின் ஈரலில் ஒரு பகுதியை அவருடைய ஆண் குழந்தைக்கு வைத்தார். குழந்தை பிழைத்தது. குழந்தைக்கு இடப்பக்கத்தின் ஒரு சிறு பகுதியே போதும். வளர்ந்தவருக்கு வலப்பக்கம் வேண்டும், கொடுப்பவரின் ஈரலில் ஏறக்குறைய அறுபது வீதம். ஒரு சுகதேகியின் வயிற்றைத் திறந்து அவ்வளவை எடுக்க எவருக்குத் துணிவு வரும்? 1996இல் ஹொங்கொங்கில் ஃபான் சுங்-தாட் குழுவினர் வலச் சோணையை எடுத்து வளர்ந்தவருக்கு வைத்துக் காட்டினார்கள். கான்ற்லி கோடு கண்ட அதே ஊர். கோட்டைக் கண்டதற்கும் அந்தக் கோட்டை ஒட்டிக் கத்தி வைத்து ஒருவர் தன் ஈரலைக் கொடுத்ததற்கும் இடையில் நூறு வருடம்.

இந்தியாவில் இது தொடங்கியதே ஒரு தமிழ்க் குழந்தையால். காஞ்சிபுரத்துக் குழந்தை, பிறவியிலேயே பித்தக் குழாய் அடைபட்டது. 1998 நவம்பரில் டில்லி அப்பலோ வைத்தியசாலையில் தகப்பனின் ஈரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். அப்போது அவனுக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. இந்தியாவில் வெற்றிகண்ட முதல் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை அதுதான். தகப்பனுக்குள் மிஞ்சியது தகப்பனுக்கேற்ப வளர்ந்தது. பிள்ளைக்குள் போனது பிள்ளையோடு வளர்ந்தது. அந்தப் பிள்ளை படித்து இன்று வைத்தியராக இருக்கிறான். இலங்கையிலும் ராகமையிலுள்ள கொழும்பு வடக்குப் போதனா வைத்தியசாலையில் ஈரல் மாற்றுச் சிகிச்சை நடக்கிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மயிலாடுதுறைப் பக்கத்துக் கிளியனூரில் பிறந்து, சென்னையில் படித்து, இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் பேர்பெற்றவர் முகமது ரேலா. அவர் அங்கே பணிசெய்த குழுவினர் குழந்தைகளுக்குச் செய்த ஒரு சிகிச்சை உண்டு. நன்றாக இருந்த பிள்ளைக்கு நஞ்சாலோ கிருமியாலோ திடீரென்று ஈரல் செயலிழந்துவிடும். முழு ஈரலையும் எடுத்துவிடாமல் ஒரு பகுதியை அங்கேயே விட்டு, பக்கத்தில் இன்னொருவரின் ஈரல் துண்டு ஒன்றை வைப்பார்கள். வந்த ஈரல் வீட்டைப் பார்த்துக்கொள்ள, சொந்த ஈரல் மெல்ல மெல்லத் தேறி வளரும். அது வளர்ந்ததும், வந்த ஈரலை உடம்பு தள்ளாமலிருக்கக் கொடுத்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். வந்த ஈரல் வாடிச் சுருங்கிவிடும். பிள்ளை தன் சொந்த ஈரலோடு, ஒரு மருந்தும் இல்லாமல் வாழும். பிள்ளைத்தாச்சி வீட்டுக்கு வந்து, தாயும் பிள்ளையும் தேறும் மட்டும் நின்று சமைத்துப்போட்டுவிட்டுப் போகிற அம்மம்மாவைப் போல.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சின்னம்மா கேட்டா: "அப்ப பெரியவன்ரை ஏன் வளரேல்லை?"

சரியான கேள்வி. ஈரல் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. 2022இல் ஜெர்மனியிலும் சுவீடனிலும் உள்ள ஆய்வாளர்கள், அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கரிமத்தின் அளவை வைத்து ஈரற் கலங்களின் வயதைக் கணக்கிட்டார்கள். ஆளுக்கு 20 வயதானாலும் 80 வயதானாலும் அவருடைய ஈரலின் சராசரி வயது மூன்றுக்குக் குறைவு. எண்பதை நெருங்கும் சின்னம்மாவின் ஈரலும் அப்படித்தான். ஆனால் கொழுப்போ சாராயமோ மஞ்சட்காமாலைக் கிருமியோ வருடக்கணக்காக அடித்துக்கொண்டே இருந்தால், செத்த கலங்களின் இடத்தில் தழும்பு விழத் தொடங்கும். தழும்பு நார்நாராய்க் கட்டி இறுகினால் உள்ளே கலம் பிரிய இடமில்லை, இரத்தம் ஓட வழியில்லை. நல்ல ஈரலில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் விட்டால் ஆள் பிழைப்பார். தழும்பு பிடித்த ஈரலில் சின்னத் துண்டை எடுத்தாலும் சில வேளை தாங்காது. பெரியவனின் ஈரலில் நடந்தது அதுதான். ஒருமுறை வெட்டினால் வளரும். இருபது வருடம் தினமும் புண்பட்டால் வளராது.

இளையவனையும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஸ்கானில் அவனுடைய ஈரலிலும் கொழுப்புத் தெரிந்தது. கொழுப்புப் படிந்த ஈரல் வெட்டினால் சரியாக வளராது, வாங்குபவருக்கும் நல்லதில்லை. மூன்று மாதம் பனிக்குள் நடந்து, சோற்றையும் இனிப்பையும் குறைத்து, நிறை இறக்கி, திரும்பப் போய் ஸ்கான் பண்ணினான். கொழுப்பு இறங்கியிருந்தது. அதன்பிறகுதான் எழுதி வாங்கினார்கள். வலப்பக்கம் கொடுப்பவர்களில் இருநூறு முதல் ஐந்நூறு பேருக்கு ஒருவர் இறக்கக்கூடும் என்பதையும் அப்போது மறைக்காமல் சொன்னார்கள். அவன் அதைத் தாய்க்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இருவரும் தேறினார்கள். இளையவனுக்கு முதல் இரண்டு கிழமை கடுமையான நோ, கட்டிலிலிருந்து எழும்பவே இன்னொருவரின் கை வேண்டும். மூன்றாம் மாதம் எடுத்த ஸ்கானில் அவனுடைய ஈரல் பழைய அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு வந்திருந்தது. வலச் சோணை இல்லை. பித்தப்பையும் இல்லை, வலப்பக்கத்தை எடுக்கையில் அதையும் எடுத்துவிடுவார்கள். முன்பு இடப்பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்த சின்னச் சோணை உருண்டு திரண்டு வலதுக்கும் நீண்டிருந்தது. பெரியவனுக்குள் போன பங்கும் அவன் உடம்புக்கு ஏற்பப் பெருத்திருந்தது. அவன் மட்டும் வாழ்நாள் முழுவதும் மருந்து குடிக்கவேண்டும்.

சின்னம்மாவுக்கு அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பினான். சாம்பலும் கறுப்புமான அந்தப் படத்தில் எது ஈரல் என்று நான்தான் வீடியோவில் விரல் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

தீவகத்து உறவுகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். கள்ளுக் குடிக்கிறவர்களுக்குக் காய்ச்சலோடு வலப்பக்க விலாவில் நோ வந்தால், பார்வை பார்த்துக்கொண்டு வீட்டில் கிடவாதீர்கள். பண்ணைப் பாலம் தாண்டினால் யாழ்ப்பாணம் ஆசுபத்திரி. ஈரல்கட்டி குணமாகும் வருத்தம், பிந்தினால்தான் ஆபத்து. சீனி வருத்தம் உள்ளவர்கள், குடித்தாலும் குடியாவிட்டாலும், ஈரலை ஒருமுறை ஸ்கான் பண்ணிப் பாருங்கள். கொழுப்பு என்ற கட்டத்தில் கண்டால் நடையாலும் சாப்பாட்டாலும் இறக்கலாம், இளையவன் மூன்று மாதத்தில் இறக்கினான். தழும்பு இறுகிய பிறகு கண்டால், வளரக்கூடிய ஈரலை வேறொருவரின் வயிற்றில்தான் தேடவேண்டிவரும்.